கைம்பெண்ணின் காணிக்கையும் இரண்டு இலத்தீன் சொற்களும்



சென்ற வாரம் தமிழ்த் திருப்பலி முடிந்தபின் ஒரு சகோதரர், மறைந்த தம் தாய்க்காகப் பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டு, மடித்த 10 திர்ஹாம் தாள் ஒன்றை என் கையில் வைத்தார். "மன்னிச்சிடுங்க ஃபாதர், சம்பளம் முழுக்க ஊருக்கு அனுப்பிட்டேன். அங்கே என்னைப் பணக்காரன்னு சொல்றாங்க" என்றார்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை இலத்தீனில் எடுத்து வாசித்தேன். குருமடத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம், இந்த வயதிலும் விடவில்லை. கைம்பெண்ணின் காணிக்கையைக் கூறும் 44ஆம் வசனத்தில் வுல்காத்தா பதிப்பு இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறது. செல்வர் போட்டது 'அபுந்தாரே'யிலிருந்து. அவள் போட்டது 'பெனூரியா'விலிருந்து.

முதற்சொல்லின் உள்ளே 'உந்தா', அதாவது அலை, இருக்கிறது. கரை மீறி வழிவதே அதன் மூலப்பொருள். உரோமையர் மிகுதியை நீராகவே கண்டனர். நம் தமிழ் மறுமுனையிலிருந்து அதையே சொல்கிறது: வறுமைக்கும் வறட்சிக்கும் வேர் ஒன்றே. ஹஜர் மலையடிவாரத்தில் காய்ந்து கிடக்கும் வாதிகளையும் ஓமான் வளைகுடாவின் அலைகளையும் ஒருசேரப் பார்த்து வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. (புஜைரா என்ற பெயரில் உள்ள ஃப-ஜ-ர என்னும் அரபு வேருக்கும் நீர் பீறிட்டெழுதல் என்ற பொருள் உண்டு. விடியலைக் குறிக்கும் ஃபஜ்ர் பிறந்ததும் அதிலிருந்தே.)

'பெனூரியா'வின் கதை வேறு. சொல்லாராய்ச்சியாளர் சிலர் அதை, 'ஏறக்குறைய' என்று பொருள்படும் 'பேனே' என்ற சொல்லோடு இணைக்கின்றனர். எட்டியும் எட்டாத நிலை. கடன் ஏறக்குறைய அடைந்துவிட்டது. வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. தங்கையின் திருமணம் ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்பிவிடலாம். இந்த 'ஏறக்குறைய'வைப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்போர் நம் நடுவே எத்தனை பேர்! ஊரிலிருந்து பார்ப்போர்க்கு அலை மட்டுமே தெரிகிறது.

ஆகவே என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். பெனூரியாவில் இருப்பவரிடம் இந்தக் கைம்பெண்ணை முன்மாதிரியாகக் காட்டிக் காணிக்கை கேட்பது முறையன்று. நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 32ஆம் ஞாயிறன்று இப்பகுதி நற்செய்தி வாசகமாக வருகிறது. அதன் சுருக்க வாசகம் 41ஆம் வசனத்தில் தொடங்குவதால், நேரம் கருதி அதையே எடுத்துவிடுவோம். அப்போது, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கண்டிக்கும் 40ஆம் வசனம் மக்களின் செவியில் விழாமலே போகிறது. அதைக் கேட்டபின் கைம்பெண்ணைப் பார்த்தால், காட்சியே மாறிவிடும். அவளைப் போலச் செய்யுங்கள் என்று ஆண்டவர் அங்கே எவருக்கும் கட்டளையிடவுமில்லை.

ஏழைக்கும் கொடுக்கும் உரிமை உண்டே எனச் சிலர் கேட்கக்கூடும். உண்டு. ஆயினும் மனமுவந்து கொடுப்பது வேறு, தட்டு தம்மிடம் வரும்போது கூசிக் கொடுப்பது வேறு.

அடுத்த முறை 38ஆம் வசனத்திலிருந்தே வாசிப்பேன். திருப்பலிக் கருத்தைப் பொறுத்தவரை, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 945ஆம் சட்டம், காணிக்கை பெறாவிடினும் நம்பிக்கையாளரின், குறிப்பாக வறியோரின், கருத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கக் குருக்களை வலியுறுத்துகிறது. இதை அறியாதவர்களுக்கு அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரரிடம் 10 திர்ஹாமைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அவர் தாயின் பெயரைக் கருத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.