தரகரில்லாத கிரயம்

தரகுப் பணத்தை மிச்சப்படுத்தக் கருதி, வீடு வாங்குவோரும் விற்போரும் இன்று இணையதளங்களை நாடுகின்றனர். அதை நாம் குறைகூறோம். ஆனால், தளத்தின் பகட்டான முகப்பில் மயங்கி, படத்தில் மட்டுமே பார்த்த வீட்டுக்கு அச்சாரம் அனுப்பிவிட்டுத் தவிப்போரின் நிலை பரிதாபகரமானது.

1882ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54வது பிரிவுப்படி, வெறும் கிரய ஒப்பந்தம் சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்காது. அங்ஙனமிருக்க, "முன்பணம் கட்டினால்தான் விலாசம் தருவோம்" என்னும் தளம் விற்பது எதை? வீட்டையன்று என்பது திண்ணம். தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் தளத்திலேயே வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். விளம்பரம் செய்தவர் பெயர் அங்கே காணாவிடில், அவருக்குச் சொத்து வந்த வழியைக் கேட்டு, மூலப் பத்திரங்களை நேரில் பார்த்தல் வேண்டும். காட்ட மறுப்பவரிடம் பேச்சு எதற்கு?

விற்போருக்கு நேரும் மோசம் வேறு விதம். வாங்குபவன்போல் பேசுகிறவன், முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, க்யூ.ஆர். படமொன்றை அனுப்பி ரகசிய எண்ணை இடச் சொல்லுகிறான். யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே அவ்வெண் தேவை, பெறுவதற்கு வேண்டியதேயில்லை. பட்டம் பெற்றோரும் (வக்கீல்கள் உட்பட) இதை அறிந்துகொள்வது நலம்.

2000ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79வது பிரிவு, பிறர் இட்ட விளம்பரத்துக்குத் தளத்தாரைப் பொதுவாகப் பொறுப்பாளியாக்குவதில்லை. கட்டணம் வாங்கி வீட்டு விளம்பரம் போடுபவர், விற்பவரின் பெயரைப் பதிவேட்டுடன் ஒப்பிடுவதில் என்ன கஷ்டம்? பதிவேடு சர்க்காரிடமே இருக்கிறது. இக்கடமையைச் சட்டத்தில் சேர்க்குமாறு பார்லிமெண்ட் அங்கத்தினர்களை நாம் கேட்கிறோம்.