ஸ்பைடர்மேனை உருவாக்கியது யார்? பேசாமல் இருந்தவருக்குப் பேர் கிடைக்குமா?

1963 மே மாதத் தேதியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' இரண்டாவது இதழில் ஒரு கிழவர் வருகிறார். சின்னதாக ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. பத்தே சென்ட்டுக்கு வேலையை முடித்துக் கொடுப்பார். ஆனால், முக்கியப் புள்ளிகளின் ரேடியோ என்றால் உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவியையும் வைத்து அனுப்பிவிடுவார். பெயர் டிங்கரர்.

பிற்காலக் கதைகளில் வில்லன்களுக்கு ஆயுதம் செய்து கொடுப்பவர் இவர்தான். 2017-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்திலும் வல்ச்சர் கும்பலுக்குக் கருவி செய்பவர் இவரே. மூளை இவருடையது. பேர் வாங்குவதோ, அதை மாட்டிக்கொண்டு பறக்கிறவர். இவரை வரைந்த ஓவியரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

யார் அந்த ஓவியர்?

ஸ்டீவ் டிட்கோ. 1962-ல் 'அமேசிங் ஃபேன்டஸி' 15-வது இதழில் ஸ்டான் லீயுடன் சேர்ந்து ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தவர். அடுத்த ஆண்டு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். 1966-ல் மார்வெலை விட்டு விலகினார். அதன் பிறகு பத்திரிகைப் பேட்டிகளைத் தவிர்த்தார். நியூயார்க் ஸ்டுடியோவில் தொடர்ந்து வரைந்தார், கட்டுரைகள் எழுதினார். அவ்வளவுதான். 2007-ல் பிபிசி ஆவணப்படக் குழு தேடிப் போனபோதும் கேமரா முன் வர மறுத்துவிட்டார். 2018-ல், 90 வயதில் இறந்தார்.

என்னதான் பிரச்சினை?

அன்றைய 'மார்வெல் முறை'யில் முழு ஸ்கிரிப்ட் கிடையாது. கதைச் சுருக்கத்தைக் கேட்டு ஓவியர் காட்சிகளை வரைவார். வசனம் அப்புறம்தான் வரும். ஒரு கட்டத்தில் லீயும் டிட்கோவும் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். கதையோட்டத்தை டிட்கோவே அமைத்தார். 25-வது இதழிலிருந்து அதற்கான பேரும் அவருக்குப் போடப்பட்டது.

ஆனால், மேடையில் இருந்தவர் லீ. 1999-ல் அவர் ஒரு கடிதம் வெளியிட்டார். டிட்கோவை இணைப் படைப்பாளியாகவே தான் எப்போதும் 'கருதி' வந்ததாக. டிட்கோ அதை ஏற்கவில்லை. 'கருதுகிறேன்' என்பது 'ஆமாம், அவர்தான்' என்று ஒப்புக்கொள்வது ஆகாது என்பது அவர் வாதம். வெறும் வார்த்தை விளையாட்டு மாதிரி தோன்றும். இல்லை. ஒன்று உண்மையைச் சொல்வது, இன்னொன்று பெருந்தன்மை காட்டுவது. அவர் கேட்டது முதலாவதை.

அவரே ஒதுங்கிட்டாரே, அப்புறம் என்ன?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பேட்டி கொடுக்காதது அவர் விருப்பம். அதற்காக, செய்த வேலையின் உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது. பேசத் தெரிந்தவர் சொல்வதே வரலாறு என்று ஆகிவிட்டால், நஷ்டம் பேசாதவருக்கு மட்டும் அல்ல. அந்த வரலாற்றை நம்புகிறவர்களுக்கும்தான்.

2002-ல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில் இரண்டு பேருடைய பெயரும் போடப்பட்டது. 2021-ல் டிட்கோவின் குடும்பத்தார் பதிப்புரிமையைத் திரும்பக் கேட்டார்கள். அது கூலிக்குச் செய்த வேலை, உரிமை நிறுவனத்துக்கே என்று மார்வெல் நீதிமன்றம் போனது. 2023 டிசம்பரில் சமரசம் ஆனது. என்ன நிபந்தனை என்பது வெளியே வரவில்லை.

சம்பளம் வேறு, பேர் வேறு. வேலைக்குக் கொடுத்த காசு, அதைச் செய்தது யார் என்கிற உண்மையையும் சேர்த்து வாங்கிவிட முடியாது. ஆபீஸ் மீட்டிங்கில் ஸ்லைடு போட்டுப் பேசுகிறவர் ஒருவர், ராத்திரி முழிச்சு கோட் எழுதியவர் இன்னொருவர் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுதியவர் கையைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேசுகிறவர் அந்தப் பெயரைச் சொல்ல, ஒரு நிமிஷம்கூட ஆகாது.