லாரி பெர்த்துகளில் காற்றோட்டம்: வேலந்தாவளம் வழிச் செல்லும் சரக்கு லாரி ஓட்டுநர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: எல்லைத் தணிக்கைக்கும் வாகனத் தகுதிச் சான்றுக்கும் பொறுப்பான போக்குவரத்து அலுவலர்கள்

பொருள்: பெர்த்துகளில் குறைந்த செலவில் காற்றோட்டம் அமைப்பதை வாகன மாற்றமாகக் கருதி அபராதம் விதிப்பதை நிறுத்த எழுத்துப்பூர்வ உத்தரவு கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சங்கம் முன்னர் அளித்த மனுக்கள். 2. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52, விளக்கம்.



தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளின் ஓட்டுநர்களும் கிளீனர்களும் உறுப்பினராக உள்ள சங்கத்தின் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

சங்கம் முதலில் அளித்த மனுவுக்கு இன்றுவரை பதில் வராததால், அதன் சாரத்தை மீண்டும் இங்கே எழுத வேண்டியுள்ளது. பெர்த் என்பது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினின் குறுக்கே பொருத்தப்படும் படுக்கைப் பலகை. அதன் பின்சுவரை ஒட்டிச் சரக்குப் பெட்டி நிற்பதால் அந்தப் பக்கம் காற்று வர வழியில்லை. மேலே பகல் முழுவதும் வெயில் குடித்த தகரக் கூரை, கீழே நிறுத்திய பிறகும் நெடுநேரம் சூடு தணியாத எஞ்சின். மலம்புழாவில் 2016 ஏப்ரலில் 41.9 டிகிரி செல்சியஸ் பதிவான பாலக்காடு மாவட்டத்தில், கோடை இரவில் ரெக்சின் உறையிட்ட ஃபோம் மெத்தையில் படுப்பவரின் முதுகு வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது; கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளியே வீசிக்கொண்டிருக்க, அதில் ஒரு கீற்றுகூட உள்ளே எட்டுவதில்லை. புழுக்கம் தாளாமல் எஞ்சினை ஓடவிட்டு உறங்குவோருக்கு டீசல் வீணாவது ஒருபுறமிருக்க, புகையில் கலந்துள்ள, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அம்மனு சுட்டிக்காட்டியது.

இரண்டாவது மனு பரிகாரங்களை விவரித்தது. இரு பக்கக் கண்ணாடிகளிலும் கழற்றி மாட்டக்கூடிய கொசுவலைச் சட்டம், வெப்பக் காற்றை ஒரு பக்கச் சன்னல் வழியே வெளித்தள்ளும் 24 வோல்ட் சிறு மின்விசிறி, கூரையின் உட்புறத்திலும் எஞ்சின் மூடியின் மேலும் வெப்பத்தடுப்பு விரிப்பு, ஃபோமுக்குப் பதிலாகக் காற்று புகும் தென்னை நார் மெத்தை, அதன் மேல் பருத்தி உறை ஆகியவையே அவை. ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் காற்று நகராது. குளிர்ந்த காற்று நுழைய ஒரு வழியும் சூடான காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் ஒரு வழியும் வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 20 வாட் மின்விசிறி 8 மணி நேரம் சுழன்றாலும் ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணி மின்சாரத்தையே எடுக்கும் என்பதால், நல்ல நிலையிலுள்ள லாரி பேட்டரி காலையில் எஞ்சினைக் கிளப்பத் திணறாது. இவை அனைத்தின் செலவும் சேர்ந்து லாரியின் ஒரு புதிய டயர் விலையை எட்டாது.

இவ்வளவு எளிய ஏற்பாட்டைச் செய்துகொண்ட சில உறுப்பினர்களுக்குச் சாலைத் தணிக்கையில், வாகனத்தைச் சட்டவிரோதமாக மாற்றியதாகச் செலான் எழுதப்பட்டிருப்பதே இம்மனு முன்வைக்கும் முதன்மையான குறை. அபராதமாகக் கட்டிய தொகையைவிடப் பெரிய இழப்பு, அதற்கு அஞ்சி ஏனையோரும் விசிறியையும் வலையையும் கழற்றிவிட்டதாகும்.

பிரிவு 52-இன் முதல் உட்பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. அதே பிரிவின் விளக்கமோ, வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறுபடும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றமே இங்கு மாற்றம் எனப்படும் என்று வரையறுக்கிறது. கொசுவலையும் மெத்தையும் விசிறியும் கட்டமைப்பைத் தொடுவதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எந்த விவரமும் அவற்றால் மாறுவதில்லை. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், மாநில விதிகளைக் காட்டி இப்பிரிவை மீற முடியாது எனத் தீர்ப்பளித்ததைச் சங்கம் முழுமையாக ஏற்கிறது. ஆனால் கட்டமைப்பு மாற்றத்துக்கு விதித்த தடையை, கழற்றி மாட்டும் வலைக்கும் நீட்டுவதற்கு அத்தீர்ப்பில் இடமில்லை. கூரையை வெட்டிப் பொருத்தும் காற்றுப்போக்கி வேறு வகை என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. அதற்கு ஒரு மாதிரி வரைபடத்தை அங்கீகரித்து, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனையின்போது பரிசோதித்து அனுமதிக்கலாம்.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபின்களில் குளிர்சாதனத்தை மத்திய அரசு 2025 முதல் கட்டாயமாக்கியுள்ளது. கேபின் வெப்பம் ஓட்டுநரைச் சோர்வடையச் செய்யும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இதுவே சான்று. ஆயினும் ஏற்கெனவே சாலையில் ஓடும் லாரிகளுக்கு இது பொருந்தாது. வழக்கமான குளிர்சாதனமும் எஞ்சினை அணைத்ததும் நின்றுவிடுவதால், உறங்கும் நேரத்துக்கு உதவாது. மீன்பிடிப் படகுகளுக்கான 2007-ஆம் ஆண்டின் 188-ஆம் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை, படகில் ஆள் தங்குமிடத்துக்குக் காற்றோட்டம் இருக்க வேண்டும் என்றும், எஞ்சின் அறையிலிருந்து உறங்குமிடத்துக்கு, அவசர வழி தவிர, நேரடித் திறப்பு இருக்கலாகாது என்றும் கூறுகிறது. கடலில் உறங்குபவருக்கு உலகம் ஒப்புக்கொண்ட இந்தக் குறைந்தபட்சத் தேவை, எஞ்சினுக்கு மேலேயே உறங்கும் லாரித் தொழிலாளிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் தருவது அலுவலர்களின் பொறுப்பு.

ஆகவே, மேற்கண்ட பொருள்கள் பிரிவு 52-இன்படி மாற்றம் ஆகாது என்று தணிக்கை அலுவலர் அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இக்காரணத்துக்காக எழுதப்பட்ட செலான்களை மறுஆய்வு செய்ய வேண்டும்.

   

முந்தைய மனுக்களுக்குப் பெறுகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. சுற்றறிக்கை அனுப்ப இயலாதெனில், எந்தப் பொருள் எந்த விதியின் எந்த உட்பிரிவை மீறுகிறது என்பதைப் பொருள்வாரியாகக் குறிப்பிட்டு, அடுத்த கோடை தொடங்குமுன் சங்கத்துக்கு எழுத்தில் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
செயலாளர்