பிராக்டிகல்: யார் வீட்டுச் செலவில்?

பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஊக்க உரைகளில் தவறாமல் ஓர் அறிவுரை வரும். ‘உங்களுக்குப் பிடித்த துறையில், மனநிறைவு தரும் இடத்தில் தொழிற்பயிற்சி தேடுங்கள்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலை நாட்டு மாணவர்கள் கோடை விடுமுறையில் இப்படித் தேடிப் போவார்களாம். வருசம் முழுக்க வெயிலடிக்கும் நம் நாட்டில் அதற்குப் பெயர் பிராக்டிகல். அதைத் தேடுவது ஆர்வத்தைப் பொறுத்த விசயம் என்று சொல்வது பொய். அது அப்பாவின் சம்பளத்தையும் வீட்டு முகவரியையும் பொறுத்த விசயம்.

பொறியியல் மாணவருக்கு பிராக்டிகல் விருப்பப் பாடம் அல்ல. பொறியியல் அங்கீகார மன்றத்தின் விதிப்படி குறைந்தது 8 வாரம் தொடர்ந்து செய்தாக வேண்டும். ஆனால், பயிற்சியைக் கட்டாயமாக்கியவர்கள் அலவன்ஸைக் கட்டாயமாக்கவில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. பிராக்டிகல் மாணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். டேலண்ட்கார்ப்பின் பயிற்சித் திட்டத்தில் சேரும் கம்பெனிகளுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. அதற்காக வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மாதம் ஒரு குறைந்தபட்ச அலவன்ஸ் தர வேண்டும் என்பது. திட்டத்தில் சேராத கம்பெனியை யாரும் எதுவும் கேட்க முடியாது. மாதம் 500 ரிங்கிட் தந்தாலும் அதை 22 வேலை நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 23 ரிங்கிட்கூட வராது.

இப்போது சுங்கை ரம்பாயிலிருந்து யோசிப்போம். சுற்றிலும் செம்பனை, அந்தப் பக்கம் கீசாங் ஆறு, ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். மின்னணுவியல் படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற தொழிற்சாலைகள் பத்து பெரெண்டாமிலும் ஆயர் குரோவிலும் இருக்கின்றன. போக வர எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. மோட்டார் வேண்டும், பெட்ரோல் வேண்டும். இல்லையென்றால் அறை எடுக்க வேண்டும். அறைக்கு முன்பணம் எங்கே? பினாங்கு, கோலாலம்பூர் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் பிள்ளை என்ன செய்யும்? மூவார் பக்கம் மாமாவுக்குத் தெரிந்தவரின் மரச்சாமான் தொழிற்சாலைக்கோ, பக்கத்து டவுன் பட்டறைக்கோ போகும். வீட்டுச் சாப்பாடு மிச்சம். பத்து வாரம் கோப்பு அடுக்கி, போட்டோகாப்பி எடுத்து, பதிவுப் புத்தகத்தில் முத்திரை வாங்கித் திரும்பும்.

அது சோம்பல் இல்லை, கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்கு அந்தப் பிள்ளை பல வருசம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்று வேலை விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்தில் நானும் இருக்கிறேன். ஒரே புள்ளி, ஒரே பட்டம். ஒருவர் ஓர் இயந்திரம் ஏன் திரும்பத் திரும்ப நின்றது என்று மூன்று வாரம் அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்ததை எழுதியிருக்கிறார். இன்னொருவருக்கு எழுத எதுவுமில்லை. நேர்காணலுக்கு முதலாமவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டாமவருக்குத் திறமை இல்லையென்று அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறது.

“அனுபவந்தான் தம்பி சம்பளம், நாங்கல்லாம் அப்படித்தான் வந்தோம்” என்பார்கள் பெரியவர்கள். ஐயா, பால்மரக் காட்டில் நம் பாட்டிகள் அனுபவத்துக்காகவா வேலை செய்தார்கள்? கூலி குறைவாக இருந்தது, அதற்காகச் சண்டை போட்டார்கள். பேரப்பிள்ளை பட்டப்படிப்புக்குப் போனதும் கூலி கேட்பதே மரியாதைக்குறைவாகிவிட்டதா? பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேல் போகும் பயிற்சிக்குப் பணம் கொடுக்கச் சட்டமே இருக்கிறது. அதனால் அங்கே கம்பெனிகள் ஒன்றும் மூடிக்கொண்டு போய்விடவில்லை.

நம் சங்கங்களையும் சொல்லாமல் விட முடியாது. எஸ்.பி.எம். முடிவு வந்தால் மேடை, மாலை, காசோலை, படம். அதே பிள்ளை மூன்றாம் ஆண்டில் முப்பது கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரும் இல்லை. ஒரு விருந்துக்கு ஆகும் செலவில் எத்தனை பிள்ளைகளுக்குப் பத்து வார அறை வாடகை கொடுக்கலாம்? ஆலைகளில் பொறியாளர்களாக, மேலாளர்களாக இருக்கும் தமிழர்கள் குறைவில்லை. வருசத்துக்கு இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தை உரிய மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களால் முடியாதா? மற்றவர்களின் பிள்ளைகளுக்கு இது சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பிராக்டிகல் பருவத்துக்கும் கட்டணம் வாங்குகிறீர்கள். அப்படியானால் இடம் தேடித் தருவதும், அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. அலவன்ஸ் தராத, கோப்பு அடுக்க மட்டுமே ஆள் கேட்கிற கம்பெனிகளைப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

இதில் எதையும் செய்யாமல் ‘மனநிறைவைத் தேடு’ என்று மாணவர்களிடம் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். மாதம் 500 ரிங்கிட்டை எல்லாருக்கும் கட்டாயமாக்கட்டும், அறை வாடகைக்கு ஒரு வழி பிறக்கட்டும். தேடுவதைச் சுங்கை ரம்பாய்ப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.