4 மில்லிமீட்டர்தான் மிச்சம்!

தோழர்களே!

"எவர்சில்வர், துருவே பிடிக்காது"ன்னு பாத்திரக்கடையில சொன்னா நம்பலாம். அணுஉலையில அதையே சொல்லி வாயை அடைச்சா?

பிரான்சைப் பாருங்கள். 2021 இறுதியில் சிவோ அணுமின் நிலையத்தில், உலைக்கு அவசரக் குளிர்விப்பு தரும் எஃகுக் குழாய்களில் விரிசல். உள்ளே இருப்பது உப்புத்தண்ணி இல்லை, சுத்திகரித்த நீர்! சூடான நீரும், வெல்டிங் ஓரத்து இழுவிசையும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகும் பிளக்கும்.

2023 மார்ச்சில் பென்லி நிலையம். 27 மி.மீ. தடிமனுள்ள குழாயில் 23 மி.மீ. ஆழத்துக்கு விரிசல்! கட்டும்போதே ரிப்பேர் பார்த்த வெல்டிங் அது. அந்தக் குழாயில் இந்த விரிசல் வராது என்றுதான் நிறுவனம் கணக்குப் போட்டிருந்தது. வெட்டி எடுத்துச் சோதித்ததால் தெரிந்தது. கண்காணிப்பு ஆணையம் வெளியே சொன்னதால் ஊருக்கே தெரிந்தது.

இங்கே? கூடங்குளம் பாதுகாப்பா என்று கேட்ட இடிந்தகரை மக்கள் மீது தேசத்துரோக வழக்கு!

கேள்வி கேட்டா குழாய் உடையாது சார். சோதிக்காம விட்டாத்தான் உடையும்.

நம் கோரிக்கை ஒன்றுதான்: கூடங்குளம் குழாய்களின் வெல்டிங் சோதனை அறிக்கைகளைத் தமிழில், முழுசாக, மக்கள் முன் வையுங்கள்!

பகிருங்கள் தோழர்களே!

#அறிக்கையை_வெளியிடு