சிறுநீரகமும் சீமோனும்



“சுவாமி, என் மகனுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் அவை புதிதாகிவிடுமாம். வீட்டை விற்கலாமா?” என்று தாய் ஒருவர் கண்ணீரோடு கேட்டார். அவருக்குக் கூறியதை உங்களுக்கும் கூறுகிறேன்.

ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்கள் மஜ்ஜையிலிருந்து நம் குருதியணுக்களைப் பிறப்பிக்கின்றன. அவை சிறுநீரக அணுக்களாகவும் மாறக்கூடும் என்று 2001-இல் இலண்டன் ஆய்வாளர்கள் அறிவித்தபோது பெரும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் 2008-இல் பாஸ்டன் அறிஞர்கள் எலிகளிடம் நடத்திய ஆய்வு வேறோர் உண்மையை உணர்த்திற்று. திடீரெனப் பழுதுற்ற சிறுநீரகக் குழல்களை மீண்டும் கட்டுபவை, அங்கேயே பிழைத்து எஞ்சிய அணுக்களே. மஜ்ஜையின் ஒருவகை அணுக்களோ, தாம் சுரக்கும் பொருள்களால் அழற்சியைத் தணித்துத் துணைநிற்கின்றன. விலங்குகளிடம் கண்டது இவ்வளவே.

மனிதரிடம் அத்துணையும் உறுதிப்படவில்லை. இதய அறுவைக்குப்பின் சிறுநீரகம் பழுதுற்ற 156 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், அவ்வணுக்களைப் பெற்றோர் விரைந்து தேறவில்லை. நாட்பட்டுத் தழும்பேறிய சிறுநீரகத்தை அவை புதுப்பிக்கும் என்பதற்கும் சான்றில்லை. ஆகவே, அத்தாயிடம், “வீட்டை விற்காதீர்கள், அம்மா. டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்த இயலுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்” என்றேன்.

ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கத் தோள்கொடுத்தார் சீரேன் ஊர் சீமோன். டயாலிசிஸ் நாள்களில் அம்மகனோடு மருத்துவமனைக்குச் செல்லவும் ஒருவர் தேவை. நம்முள் சீமோன் யார்?