ஆஸ்கர் கொடுத்தால் போதுமா? ‘நோ அதர் லேண்ட்’ எழுப்பும் கேள்வி

2025 மார்ச் 2 அன்று சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது ‘நோ அதர் லேண்ட்’. இயக்குநர்கள் நால்வரில் ஒருவர் ஹம்தான் பல்லால். மூன்றே வாரத்தில், மேற்குக் கரையிலுள்ள தன் ஊரான சூசியாவில், யூதக் குடியேறிகளால் தாக்கப்பட்டதாகச் சொன்னார். காயத்தோடு இருந்தவரை இஸ்ரேல் ராணுவம் பிடித்துப்போய், மறுநாள்தான் விட்டது. கல்லெறிந்தார் என்பது ராணுவத்தின் குற்றச்சாட்டு, அவர் மறுத்தார்.

படம் எதைப் பற்றியது?

ஹெப்ரானுக்குத் தெற்கே உள்ள சிறு கிராமங்களின் தொகுப்பு, மஸாஃபர் யட்டா. 1980களில் அங்கே ராணுவப் பயிற்சிப் பகுதியை அறிவித்தது இஸ்ரேல். மக்களை வெளியேற்றத் தடையில்லை என்று 2022 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வீடுகள் இடிக்கப்படுவதைப் படமாக்கியவர்கள் பாலஸ்தீனர்களான பாசல் அத்ரா, பல்லால்; இஸ்ரேலியர்களான யுவல் ஆபிரகாம், ரேச்சல் ஸோர்.

ஒரே படம், இரண்டு சட்டம்

யுவலுக்குச் சிவில் சட்டம். பக்கத்திலேயே வசிக்கும் பாசலுக்கு ராணுவச் சட்டம். ஷூட்டிங் முடிந்தால் ஒருவர் கிளம்பிப் போகலாம். இன்னொருவருக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் வீடே!

‘கேமரா இருந்தா அடிக்க யோசிப்பாங்க’ என்ற நம்பிக்கை உண்டு. ஆனால், இந்தப் படத்துக்கு உதவிய அவ்தா ஹதலீன் 2025 ஜூலை 28 அன்று உம் அல் கைர் கிராமத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போதும் அவர் வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அகாடமி என்ன செய்தது?

பல்லால் விவகாரத்தில் ஆஸ்கர் அகாடமியின் முதல் அறிக்கையில் அவர் பெயரே இல்லை. 600க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கண்டித்துக் கையெழுத்திட்ட பிறகே மன்னிப்பு வந்தது.

‘நாங்கள் கலையை மதிப்பிடுபவர்கள், அரசியல் எங்கள் வேலை இல்லை’ என்று விருது அமைப்புகள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால், ஆபத்தில் எடுத்த படம் என்பதும் அந்தக் கைதட்டலுக்கு ஒரு காரணம். அந்த ஆபத்து வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்வது எப்படிச் சரி?

அகாடமியால் போரை நிறுத்த முடியாது. கைதானவரின் பெயரை அன்றைக்கே உரக்கச் சொல்ல முடியும். வக்கீல் செலவுக்கும் சிகிச்சைக்கும் அவசர நிதி ஒதுக்க முடியும். மோதல் பகுதியிலிருந்து படம் வாங்கும் திரைவிழாக்களும் ஓடிடி தளங்களும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

படம் உலகம் சுற்றுகிறது. எடுத்தவர் அதே கிராமத்துக்குத்தான் திரும்பிப் போகிறார். அவருக்கும் சேர்த்துத்தான் விருது கொடுக்கிறோம் என்பது மேடையை விட்டு இறங்கிய பிறகும் நினைவில் இருக்க வேண்டும்.